இங்வில்லின் முகவரி

அலுவலகத் தலைவன் தோர்ஸ்டைனுக்கு ஒரு கொள்கை உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே ட்ரொண்ட்ஹைம் நகரத்து மென்பொருள் அலுவலகத்தில் எல்லோருடைய காதையும் புண்ணாக்கிவிட்டான். எந்த மென்பொருளும் ஊரார் எழுதிய ஏகப்பட்ட நிரல் துணுக்குகளின் மேல்தான் நிற்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் தங்கள் கணினியில் நிறுவி வைக்கக் கூடாது. முகவரியை மட்டும் எழுதினால் போதும், ஓட்டும்போது இணையத்திலிருந்து நேராக வந்து இறங்கும். "ஒரு நகலாவது நம்ம சர்வர்ல வச்சுக்குவோம்" என்று புதிதாகச் சேர்ந்த பெண் இங்வில் சொன்னபோதெல்லாம், "ஊறுகாய் போடப்போறியா?" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பான்.

ஒரு படகு நிறுவனத்துக்காகச் செய்துகொண்டிருந்த டிக்கெட் நிரலில் கட்டணம் கணக்கிடும் துணுக்கு அவளுடையது. வேலைக்குச் சேரும் முன்பே எழுதித் தன் சொந்தத் தளத்தில் வைத்திருந்தாள். அதற்கும் முகவரி கொடுத்தால் போதும் என்றான். கொடுத்தாள். அதோடு அவன் மறந்தே போனான்.

அவளுடைய தகுதிகாண் காலம் முடியும் வாரத்தில் ஒரு காலை, கூப்பிட்டு வேலை இல்லை என்றான்.

"காரணம்?"

"எதுக்கெடுத்தாலும் குறுக்கே பேசுற. உன்னோட ஒத்துவராது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலையை நம்பித்தான் இந்த ஊருக்கே குடிவந்திருந்தாள். ஆனாலும் நியாயத்தை விடவில்லை.

"கட்டணக் கணக்கு என் தளத்துல இருந்துதான் வருது. இப்பவே நகல் எடுத்துக்கோ. மத்தியானம் மூடிடுவேன்."

"மிரட்டுறியா?"

"சொல்லிட்டுச் செய்றேன்."

"தாராளமா மூடு தாயே. உன்னை நம்பி இங்க ஒண்ணும் ஓடல."

சொன்னபடி மத்தியானம் மூடினாள். துளியும் வருத்தமில்லை. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைப் பிரித்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், படகு நிறுவனத்திலிருந்து வந்த ஓசே என்ற பெண்மணிக்குத் தோர்ஸ்டைன் நிரலை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. திரும்ப ஓட்டினான். அதே சிவப்பு.

கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "இங்வில், அதைக் கொஞ்சம் திறந்து விடு. அஞ்சு நிமிஷம் போதும்."

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

பின்னாலேயே ஓசேயும் வந்து நின்றாள். "இவங்க எழுதினதா அது?"

தோர்ஸ்டைன் தலையை ஆட்டினான்.

"நீங்க இங்கதானே வேலை பாக்குறீங்க?" என்று ஓசே இங்வில்லைப் பார்த்துக் கேட்டாள்.

இங்வில் நிதானமாக விழுங்கினாள்.

"இன்னைக்குக் காலை வரைக்கும் பாத்தேன்."