ஒன்றை அழுத்தவும்

விடுதிப் பெண்கள் வெளியே போக வீட்டின் சம்மதம் வேண்டும். கம்பெனி விதி. அந்த விதிக்கு ஒரு செயலி செய்யச் சொன்னார்கள். கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்த வேல்விழி செய்தாள். அவளும் மண்ணூரில் அதே விடுதியில்தான் இருந்தாள்.

பெண் தன் போனில் கேட்பாள். ஊரில் அப்பாவுக்குத் தானாக ஓர் அழைப்பு போகும். சம்மதமென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. ஒன்றை அழுத்தினால் வார்டன் வைத்திருக்கும் திரையில் அந்தப் பெயர் பச்சையாகும். பச்சையானால் கேட் திறக்கும்.

தொடக்கத்தில் அநேகமாக எதுவும் பச்சையாகவில்லை. பதிவுக் குரல் கேட்டதும் காலர் டியூன் விளம்பரம் என்று அப்பாக்கள் போனை வைத்துவிட்டார்கள். வேல்விழி மாற்றினாள். காரணத்தைப் பெண்ணே தன் குரலில் பதிய வேண்டும். அழைப்பு அந்தக் குரலோடு தொடங்கும். காது மந்தமானவர்களுக்காக, மறுபடி கேட்க மூன்று என்று சேர்த்தாள். அதன்பின் யாரும் பாதியில் வைக்கவில்லை. மேலாளர் ரகுபதி கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அறையில் உடனிருந்த தங்கமாரிக்குத் தொழிற்சாலை லைனில் வேலை. அவளும் தெற்கத்திப் பெண்.

"முன்னால வார்டன்கிட்ட பொய் சொன்னோம். இப்ப அப்பாகிட்டயே சொல்ல வச்சிட்டியேட்டி."

"பொய் சொல்லாத."

"நீ ஒரு நா கேட்டுப் பாரு. அப்பத் தெரியும்."

வார்டன் செங்கமலத்தின் திரையில் முதலில் ஒரு பொத்தான் இருந்தது. அவசரத்துக்கு அவளே அனுமதி தரலாம். திரையைத் தள்ளும்போது ஈரக்கை பட்டு ஒரு பெயர் பச்சையானது. அந்தப் பெண் போய்விட்டாள். அவள் அப்பா வந்து கேட்டில் நின்று கத்தினார். வேல்விழி பொத்தானை எடுத்துவிட்டாள். தேவையில்லாதது எதுவும் திரையில் இருக்கக் கூடாது என்று ரகுபதிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

தரமணியில் ஒரு நிறுவனம் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. சனிக்கிழமை காலை. வேறு நாள் தர மாட்டார்கள். செயலி வடிவமைப்பு மட்டுமே வேலை. விடுதி கிடையாது.

அவள் அப்பா தளவாய் இந்த வேலைக்குச் சம்மதித்ததே விடுதிக்காக. கொண்டுவந்து விட்ட அன்று கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினார்.

"பல்லு வலின்னு சொல்லு" என்றாள் தங்கமாரி.

சொன்னாள். பதிந்ததைக் கேட்டுப் பார்த்தாள். பல் வலிக்கிறவளின் குரல் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அழித்தாள். சனிக்கிழமை காலை மறுபடி பதிந்தாள்.

"அப்பா, விழி பேசுதேன். தரமணியில ஒரு வேலைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. போயிட்டு சாயங்காலம் வந்திருதேன்."

அனுப்பினாள்.

கேட்டருகே செங்கமலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பச்சையாகிப் பச்சையாகி வெளியே போனார்கள். வேல்விழியின் பெயர் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

"இன்னாமா, உங்கப்பா எடுத்தாரா?"

வேல்விழி தன் போனைப் பார்த்தாள். ஊரில் அழுத்தப்படும் எண் அதில் வரும்.

"எடுத்துட்டாரு. மூணு அழுத்தியிருக்காரு. மறுபடி கேக்காரு."

"காது கேக்கலையோ இன்னாவோ."

"நல்லா கேக்கும்."

மூன்று. மறுபடியும் மூன்று.

"நேரமாவுது. நீங்களாவது திறந்து விடுங்கக்கா."

"எனுக்கு இதுல அமுக்க ஒண்ணும் இல்லியே. முன்ன ஒண்ணு இருந்துச்சி. நீதான எடுத்துகினு போன."

அவள் குரலில் குத்தல் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் திரை. பெயர் மட்டும் இருந்தது. தொட்டால் எதுவும் ஆகாது. வேல்விழி தொட்டுப் பார்த்தாள்.

வெளியே பூந்தமல்லி பஸ் நின்றது. முன்பே பச்சையானவர்கள் ஏறினார்கள். பஸ் போயிற்று.

மூன்று.

இரண்டை அழுத்தியிருந்தால் அறைக்குப் போயிருப்பாள். நேராகப் பேசிவிடலாம் என்று அப்பாவின் எண்ணை அடித்தாள். லைன் பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி. அவள் குரல்தான் அங்கே பேசிக்கொண்டிருந்தது.

"வெயில் ஏறுதும்மா. இப்டி வந்து குந்து" என்று செங்கமலம் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.