எண்ணிட்ட நூற்கட்டைகள்

1

இக்கதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான்கு பென்சில்களிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பதிப்பகத்தார் ஒரு கையேட்டை இலக்கணப் பிழை பார்த்துத் தருமாறு அனுப்பியிருந்தனர். சிறுசிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, ஒரு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுகிறார்களே, அந்தக் கலையைப் பற்றிய மொழிபெயர்ப்பு அது. அதில் ஒரு வாக்கியம்: 'இரண்டை மூன்றின் மேல் இடுக, பின்னர் இரண்டை ஒன்றின் மேலும் நான்கை மூன்றின் மேலும் இடுக, மீண்டும் இரண்டை மூன்றின் மேல் இடுக.' எழுவாய் தோன்றா எழுவாய், பயனிலை வியங்கோள், பிழையில்லை. ஆனால் பொருள்? பொருள் விளங்காத வாக்கியத்துக்குச் சரியென்று குறியிட எனக்குக் கை வராது. ஆகவே நான்கு பென்சில்களின் வாலில் நூலைக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி, சொன்னது சொன்னபடி செய்து பார்த்தேன். பின்னல் வரவில்லை, முடிச்சு வந்தது.

எட்டிப் பார்த்த என் மனைவி, "பிழை திருத்தச் சொன்னா, பென்சிலுக்குத் தலை பின்னிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

முடிச்சை அவிழ்க்கும்போதுதான் விளங்கிற்று. எண் கட்டைக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது. இடப்பக்கத்திலிருந்து இரண்டாவதாக எது கிடக்கிறதோ, அந்த நேரத்தில் அதுவே 'இரண்டு'. மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டால் அதுவே 'மூன்று'. ஒருத்தி ஒரு வீட்டில் மகள், மற்றொரு வீட்டில் மருமகள். வாசற்படி தாண்டினால் அழைப்பு மாறுகிறதா இல்லையா?

விளங்கியதும் மகிழ்ச்சி வரவில்லை, சினம் வந்தது. நான் மேசையில் விளையாடினேன். இந்த வாக்கியத்தை நம்பி ஒருத்தி பிழைப்புக்குப் போயிருந்தால்? அந்த ஒருத்தியையும், அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்தவளையும் இனி நான் உண்டாக்கப் போகிறேன். இதற்கு மேல் வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'குண்டூசித் தலைகளின் மேல் வெயில் விழ, அந்தத் திண்டு ஒரு சிறிய நகரத்தைப் போல...'

[அடித்துவிட்டேன். உவமை எழுத வந்த இடமா இது?]

இரண்டாம் தொடக்கம்: 'மொழிபெயர்ப்பாளர் தன் வாழ்நாளில் ஒரு நூற்கட்டையைக்கூடத் தொட்டதில்லை...'

['மொழிபெயர்ப்பாளர்' என்று மதிப்பாகச் சொன்னபின் 'தன்' எப்படி வரும்? 'தம்' என்றிருக்க வேண்டும். ஊராருக்குச் சொல்லும் நானே வழுக்கினேன். இனி அந்த மொழிபெயர்ப்பாளரை 'அவள்' என்றே எழுதுகிறேன். மதிப்புக் குறைவன்று, அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதுவதால் வந்த நெருக்கம்.]

மூன்றாம் தொடக்கம்: 'பிற்பகலில் மொழிபெயர்ப்பாளர் தன் நாத்தனாரின் லேஸ் கூடத்துக்குள் நுழைந்தாள்.' அலங்காரம் இல்லை. நிற்கட்டும்.

3

நுழைவதற்கு முன் அவளைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். அகராதிகளோடு மல்லுக்கட்டியவள் அவள். அசையாமல் தொங்கும் நூலிணைகளுக்கு மூலநூல் 'பாஸிவ்' என்ற சொல்லை ஆண்டிருந்தது. அகராதியைப் புரட்டினால் 'செயப்பாட்டுவினை' என்றது. நூலுக்கு ஏது வினை? உழன்று உழன்று 'நிற்கும் இணை' என்று முடிவு செய்தாள். அவற்றினூடே இடமும் வலமும் போய்வருவதற்கு 'நடக்கும் இணை'. கட்டைகளின் இரண்டே அசைவுகளில், இரண்டை மூன்றின் மேல் இடுவதற்குக் 'குறுக்கு', இரண்டை ஒன்றின் மேலும் நான்கை மூன்றின் மேலும் இடுவதற்கு 'முறுக்கு'. ஊசிக்காதில் நூல் நுழையாத ஒரு வேலையைத் 'தையல்' என்று சொல்ல மனம் ஒப்பாமல் 'நெய்வு' என்று வைத்தாள். 'லேஸ்' என்பதை மட்டும் அப்படியே விட்டாள். சரிகை என்று எழுதலாமே என்றவரிடம், சரிகை பொன்னிழை, இது ஓட்டைகளை ஒழுங்காக அடுக்கும் வேலை என்று சொல்லி மறுத்தாள்.*

* தமிழில் கலைச்சொல் கிடையாது என்று கையை விரிப்பவர்கள் அவள் மேசைக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்திருக்கலாம். வரமாட்டார்கள். தேடுவதைவிடக் கையை விரிப்பது எளிது.

இத்தனை கவனமாக இருந்தவள், ஓரிடத்தில் மட்டும் கேளாத உதவி ஒன்றைச் செய்தாள். மூலத்தில் எண்கள் படத்துக்குக் கீழே, இடங்களுக்கு நேராக அச்சாகியிருந்தன. வேறு விளக்கம் இல்லை. படிப்பவர் திணறுவாரே என்று இரங்கி, பக்கத்தின் அடியில் அவளாகவே ஒரு குறிப்பைச் சேர்த்தாள்: 'தொடக்கநிலையினர் கட்டைகளின் தலையில் ஒன்று முதல் நான்கு வரை எண் எழுதிக்கொள்வது நலம்.'

[பென்சிலில் எண் எழுதிய என் அசட்டுத்தனத்தை அவள் தலையில் கட்டுகிறேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை. கதாசிரியனுக்கு அந்த வசதி உண்டு.]

பழுதற்ற வாக்கியம். சந்தி சரி, எண் சரி, மரபு சரி. இத்தனையும் சரியாக இருந்துகொண்டு அது செய்த வேலைதான் என் வயிற்றெரிச்சல்.

4

கூடம் நீளமானது. சன்னலோரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். ஒவ்வொருத்தி முன்பும் ஒரு திண்டு. திண்டின் மேல் துளையிட்ட அட்டை. துளைக்குத் துளை குண்டூசி. கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சுவரில் ஒரே அறிவிப்பு: 'ஒருவர் திண்டை மற்றவர் தொடக் கூடாது.' (எழுதியவர் 'தொடகூடாது' என்றுதான் எழுதியிருந்தார். என் கதையில் அதை நான் அனுமதிப்பதாக இல்லை.) விதிக்குக் காரணம் உண்டு. நூலை இழுத்துப் பிடிப்பதில் கைக்குக் கை இறுக்கம் வேறு. இன்னொரு கை பட்ட இடம் லேஸில் அப்படியே தெரியும்.

நாத்தனார் என்றால் மொழிபெயர்ப்பாளருடைய கணவனின் அக்காள். தையற்கடையை விற்று இந்தக் கூடத்தைத் தொடங்கியவள். கட்டை பிடிக்கத் தெரியாது, ஆளைப் பிடிக்கத் தெரியும். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தாள். பெண்கள் அந்த அம்மாளின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். தமிழ்க் கையேடு அதன் பிறகுதான் வந்தது. கை பழகியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அலமாரியின் மேல் ஏறிற்று.

அதை இறக்கிப் படித்தவள் ஒருத்தி மட்டுமே. கடைசியாக வந்து சேர்ந்தவள். அதற்கு முன் சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போய்விட்டது. நிற்கிற வேலை இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலையாக அவளுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் விரல்களை விர்ரென்று ஓட்டிக் காட்டி, இப்படித்தான் என்பார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கும் தெரியாது. ஆகவே அவள் புத்தகத்தை நம்பினாள். நகப்பூச்சால் கட்டைத் தலைகளில் எண் எழுதினாள். கூடத்தில் அவளுக்கு 'நம்பர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் கையேட்டின் இரண்டாம் பாகத்தை மொழிபெயர்க்க அதன் மூலத்தாள்களை நாத்தனாரிடம் வாங்கிப்போக வந்திருந்தாள். நாத்தனார் அவளைப் புதியவளுக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக்கொள்ளாமலே விவரம் சொன்னாள். இவளுக்கு மனசு இருக்கிறது, கை வரவில்லை. இன்று தேநீர் வருவதற்குள் விரல் நீளத்துக்கு ஒழுங்கான நெய்வு காட்டினால் இருக்கலாம். இல்லையென்றால் அந்தத் திண்டுக்கு வேறொருத்தி காத்திருக்கிறாள்.

"உன் புத்தகத்தையே குடுத்தாச்சு, நீ எழுதின அந்தக் கீழ்க்குறிப்பையும் நானே படிச்சுக் காட்டியாச்சு. அதுக்கு மேல என்ன செய்ய?" என்றாள் நாத்தனார். "எனக்கே புரிஞ்ச ஒரே இடம் அதுதான்."

5

சன்னலோரத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்: "நம்பர், உன் ரெண்டு எங்க காணோம்?"

"மூணோட ஓடிப்போச்சு போல" என்றாள் அடுத்தவள். சிரிப்பு வரிசையாகப் போயிற்று. புதியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டைகளைப் பெயர்த்துத் தேடினாள்.

மொழிபெயர்ப்பாளர் பார்த்தாள். முதல் குறுக்கு சரியாக விழுந்தது. அடுத்து முறுக்கு. இரண்டாம் இடத்தில் கிடந்த கட்டையைப் புதியவளின் கை தாண்டிப் போயிற்று. நூல்களுக்கடியில் துழாவி, நகப்பூச்சில் '2' என்றிருந்ததை எங்கிருந்தோ பிடித்து இழுத்து வந்து '1' என்றிருந்ததன் மேல் போட்டது. நூல் சுருண்டது.

இது தன் குறிப்பு செய்த வேலை என்று மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கிவிட்டது. கூடத்தில் இத்தனை பேர். அவளது புத்தகத்துக்கு இருந்த வாசகர் ஒருத்திதான். வரிக்கு வரி நம்பிப் படித்தவள். அவளைத்தான் வெளியே அனுப்பப் போகிறார்கள்.

6

இவ்விடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல, நாத்தனார் கண்கலங்கி, அனைவரும்... இல்லை. அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குப் பின் என் பேனாவே நகர மறுத்தது.

இரண்டாம் முடிவில் அவள் வாயைத் திறக்கவில்லை. புதியவள் தன் பையை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறாள். அடுத்த பதிப்பில் குறிப்பு ஓசையின்றி நீக்கப்படுகிறது. நடப்புலகில் இதுதான் நடக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். நடக்கட்டும். என் கையால் எழுத மாட்டேன்.

7

முன்னறையில் யாரோ அழைக்க, நாத்தனார் சாவிக்கொத்தோடு எழுந்து போனாள்.

மொழிபெயர்ப்பாளர் நாற்காலியை முன்னே இழுத்தாள். சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. கையை நீட்டி அந்தத் திண்டைத் தொட்டாள். சுருளை அவிழ்த்து நான்கு கட்டைகளையும் நேராக்கினாள்.

"எண்ணைப் பார்க்காதீங்க. இடத்தைப் பாருங்க. இப்ப இடப்பக்கத்துலேருந்து ரெண்டாவதா எது கிடக்குதோ அதுதான் ரெண்டு."

புதியவள் விளங்காமல் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் அவள் விரலைப் பிடித்து, மூலநூலின் படத்தில் கண்டபடி ஒரு சுற்றுப் போட்டாள். குறுக்கு, முறுக்கு, குறுக்கு. இடப்பக்க இணை வலப்பக்கமும் வலப்பக்க இணை இடப்பக்கமும் போய் அமர்ந்தன. ஓர் ஊசி. மீண்டும். விரல்களைப் பிடித்தபடியே இன்னும் ஒரு வரிசை. நூல் துணிபோல் படிந்தது.

பக்கத்துப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாகக் கைகள் நின்றன. ஓசை நின்றதைக் கேட்டே நாத்தனார் திரும்பி வந்தாள். புதியவளின் திண்டைக் குனிந்து பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு சுவரிலிருந்த அறிவிப்பின் பக்கம் கண் போயிற்று.

"இவ்வளவு நாள் வராதது இப்ப எப்படி வந்துச்சு? யாரு கை பட்டது?"

மொழிபெயர்ப்பாளருக்கு அப்போதுதான் தான் செய்த வேலை உறைத்தது. சொல்லாவிட்டால், கள்ள வேலை செய்தாள் என்று புதியவள் இப்போதே போக வேண்டியதுதான். சொன்னால், ஏன் தொட்டாய் என்ற கேள்வி வரும்; குறிப்பு வெளியே வரும்.

அவள் வாயெடுப்பதற்குள் புதியவள் திரும்பினாள். குற்றம் சாட்டவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னது புத்தகத்துல இல்லையே. அப்ப புத்தகம் தப்பா?"

[அவள் ஒரு கணம் தயங்கி, தன் வாழ்க்கை முழுவதையும்... அடித்தேன். அவள் தயங்கினாள். அவ்வளவே.]

"புத்தகம் தப்பில்ல. கீழ இருக்கிற குறிப்பு தப்பு." பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "அது மூலத்துல இல்ல, அண்ணி. நானா சேர்த்தது. திண்டைத் தொட்டதும் நான்தான்."

நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் குறிப்பைத்தானே படித்துக் காட்டினேன் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். இரண்டாம் பாகத்தின் தாள்கட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"உன் கதைய வீட்டுல வச்சுப் பேசிக்கலாம்" என்றாள் தம்பி மனைவியிடம். பிறகு புதியவளிடம்: "இது உன் கை இல்ல. அவிழ்த்துடு. ஊசியெல்லாம் எடு. என் கண்ணு முன்னால முதல்லேருந்து போடு. யாரும் பேசக் கூடாது."

புதியவள் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பின்னியது பிரிந்தது. கட்டைகளை மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகக் கிடத்திவிட்டு, நகப்பூச்சை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"அழிக்காத" என்றாள் நாத்தனார். "நிஜமாவே புரிஞ்சிருந்தா அந்த எண்ணு உன்னை என்ன பண்ணும்?"

8

குறுக்கு. இரண்டு மூன்றின் மேல் போயிற்று. முதல் அசைவில் எண்ணும் இடமும் ஒன்றே, யாரும் தவறுவதில்லை.

அடுத்தது முறுக்கு. இரண்டாம் இடத்தில் இப்போது '3' என்றெழுதிய கட்டை கிடக்கிறது. '2' என்றெழுதியது அதற்கு வலப்பக்கத்தில், சிவந்து பளபளத்துக்கொண்டு. புதியவளின் கை எழுந்து அவ்விரண்டுக்கும் மேலே நிற்கிறது.

நாத்தனார் சாவிக்கொத்து குலுங்காதபடி அதை உள்ளங்கைக்குள் இறுக்கியிருக்கிறாள். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது; பல்லைக் கடித்து விழுங்குகிறாள்.

எனக்கும் ஒரு வாக்கியம் வருகிறது; இலக்கணப் பிழையில்லாத, இரக்கமுள்ள வாக்கியம். அதை எழுதினால் யாரும் கேளாத இன்னோர் அடிக்குறிப்பாகிவிடும். எழுதப் போவதில்லை.

வாசகரே, நீங்களும் அவள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். தொடாதீர்கள். பேசாதீர்கள். அவள் கை இறங்குகிறது; பாருங்கள்.