கத்தி படவில்லை

“அப்போ இந்தக் கீறல் எப்படி வந்துச்சு? காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சா?”

“சத்தியமா தெரியல சிஸ்டர். நான் முடி எடுக்கிற மெஷின்தான் போட்டேன்.”

“மெஷின் கீறாது. கத்திதான் கீறும். ஆப்பரேஷனுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இது. நல்லாப் பாரு, நெஞ்சுல மூணு கோடு. ஃபாரத்துல என்ன எழுதியிருக்க? ‘சவரக் கத்தி படவில்லை.’ கையெழுத்து உன்னோடதுதானே?”

வார்டுக்குள்ளே நெஞ்சில் ஆப்பரேஷன் முடிந்து வாத்தியார் படுத்திருந்தார். வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவியின் காதில் இது விழுந்தது. இருபது வினாடி கழுவினால் போதும் என்று சுவரில் எழுதியிருந்தது. அவள் மூன்றாவது முறையாகச் சோப்பைத் தேய்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைமை நர்ஸ் கணினித் திரையைத் தட்டித் தட்டிக் காட்ட, சின்ன நர்ஸ் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள்.

அந்த மூன்று கோடும் வாத்தியாரின் மனைவி போட்டவை.

ஆப்பரேஷனுக்கு முந்தின சாயங்காலம் வாத்தியார் குளியலறையில் பனியனைக் கழற்றிவிட்டுக் கெஞ்சினார். “அங்க பாதி நர்ஸு என்கிட்ட படிச்சதுங்க. அதுங்க முன்னாடி கரடி மாதிரி படுத்துக்கிட்டு, ஓட்டும்மா மெஷினைன்னு சொல்லவா? நீயே எடுத்து விட்டுடேன்.”

வீட்டில் சவரம் செய்யக் கூடாது என்று மருத்துவமனை கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்திருந்தாள். இருந்தும் கத்தியை எடுத்தாள். “அசையாதீங்க, இல்லன்னா ஆப்பரேஷனை நானே முடிச்சிடுவேன்” என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. கத்தி வழுக்கியது அப்போதுதான்.

மறுநாள் காலையில் சின்ன நர்ஸ் மெஷினோடு வந்து, “வீட்ல சவரம் ஏதும் பண்ணீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“சேச்சே. அவருக்கு இயற்கையாவே முடி கம்மிம்மா.”

அந்தப் பெண் நம்பினாள். மிச்சமிருந்த நாலு முடியின் மேல் மெஷினை ஓட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனாள். மயிரிழை போன்ற கீறல்கள் அவசரத்தில் அவள் கண்ணில் படவில்லை.

ஆப்பரேஷன் முடிந்த ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. தையலைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டியது. இன்று காலை டாக்டர் இரண்டு அங்குலம் பிரித்துக் கழுவிக் கட்டினார். “நல்லவேளை, எலும்பு வரைக்கும் போகல. கத்திக் கீறல்ல கிருமி கூடு கட்டிக்கும், அதுக்குத்தான் வேண்டாங்கிறோம்” என்று அவர் விளக்கியபோது, வாத்தியாரின் மனைவி புதுச் செய்தி கேட்பவள் மாதிரி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பே கூசியது.

உள்ளே போய், அந்தப் பெண்ணைத் திட்டுகிறார்கள், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கணவரின் காதில் கிசுகிசுத்தாள்.

“வாயைத் திறக்காத” என்றார் அவர். “மானம் போயிடும். சின்னப் பொண்ணுதானே, நாலு திட்டு வாங்கிட்டு மறந்துடும்.”

காப்பியடித்த பிள்ளைகளை நாள் முழுக்க வெயிலில் நிறுத்திய மனிதர்! அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“நாளையிலேருந்து நீ நோயாளி யாரையும் தொடாத” என்று வெளியே தலைமை நர்ஸின் குரல் கேட்டது.

வாத்தியாரின் மனைவி சின்ன நர்ஸைத் துணி அறையில் கண்டுபிடித்தாள். மடித்த விரிப்பையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள் அவள். வாத்தியாரின் மனைவி கதவருகே நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தாள்.

“பிளேடு புதுசாக்கா?”

“இல்லம்மா. அவர் தாடிக்குப் போடறது.”

“நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா ஆப்பரேஷனைக் கொஞ்ச நாள் தள்ளி வச்சிருப்பாங்க. அவ்வளவுதான்.”

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “மன்னிச்சிடும்மா” என்றாள். சொன்னதும் பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. அப்படி இறங்கியதே அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. போகத் திரும்பினாள்.

“அக்கா.” சின்ன நர்ஸ் விரிப்பைக் கீழே வைத்தாள். “என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? நாலு மணிக்கு என்னை விசாரிக்க மீட்டிங். டாக்டர், பெரிய சிஸ்டர், எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து, அவங்க முன்னாடி, இதை ஒரு தடவை சொல்றீங்களா?”