பிரதி வைத்த இடம்

1

மார்ச் மாதம் பதினான்காம் நாள். விடியற்காலை முதல் ஓயாத மழை. வானம் வெளுக்கவே இல்லை. என் அச்சுப்பொறியைப் பெற்றுக்கொள்ளக் கணினி பழுதுபார்க்கும் கடையில் காத்திருந்தேன். அங்கே காதில் விழுந்ததே இக்கதை.

2

முதல் தொடக்கம்: 'மின்சாரம் என்பது அறிவியல் மனிதகுலத்திற்கு அளித்த பெரும்…' (கைவிடப்பட்டது. தம்பி சிறையில் இருக்கும் ஒருத்தியிடம் இதை எப்படிப் படித்துக்காட்டுவது?)

இரண்டாம் தொடக்கம்: தையற்கடைக்காரி நனைந்த கையோடு வன்வட்டை (ஹார்டு டிஸ்க்) மேசைமேல் வைத்தாள். தம்பிமேல் சுமத்தப்பட்ட கொலை நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் அவன் அவள் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அதைக் காட்டும் கேமராப் பதிவு அந்த வட்டில் மட்டுமே இருந்தது. எவரையும் நம்பாமல், கடவுச்சொல்லிட்டு ஓராண்டாகப் பூட்டி வைத்திருந்தாள். அன்று பதினொரு மணிக்கு விசாரணை. முந்திய மாலை வக்கீலுக்காக அதைத் திறந்தபோது மின்சாரம் போயிற்று. பிறகு வட்டு கடவுச்சொல்லை ஏற்கவில்லை.

"பாஸ்வேர்டு சரியாத்தானே போட்டீங்க?" என்றார் பழுதுபார்ப்பவர்.

"தம்பி பொறந்த தேதிங்க அண்ணா. அதையா மறப்பேன்?"

3

(விளக்கம்: பூட்டிய வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. உண்மையான சாவி அதற்குள் இருக்கிறது. அப்பகுதி சிதைந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தும் பயனில்லை. ஆகையால் அதற்கொரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பார்கள்.)

பழுதுபார்ப்பவர் கேபிளை மாற்றினார். வேறு கணினியில் இணைத்தார். தொடக்கப் பகுதியை வாசித்தார். வரிசை வரிசையாகச் சுழியங்கள்; சாவி அழிந்திருந்தது.

"போன வருஷம் நீங்கதானே பூட்டிக் குடுத்தீங்க? ஏதோ காப்பி எடுத்து வச்சிருக்கேன்னீங்களே?"

"ஆமா… எடுத்தேன்."

"அப்பாடா! உயிரே வந்துச்சு. எங்க வச்சீங்க?"

'முக்கியமானவை' என்றொரு கோப்புறை உருவாக்கி அதற்குள் வைத்திருந்தார். அந்தக் கோப்புறை இதே பூட்டிய வட்டுக்குள் இருந்தது. (உவமை தேடினேன், தேவைப்படவில்லை.)

4

முதல் வரைவில் பழுதுபார்ப்பவரைக் குடிகாரராக எழுதினேன். வெறுக்க வசதியாக இருந்தது. அதை அடித்துவிட்டேன். அவர் திருகாணிகளைக்கூட அளவுவாரியாக அடுக்குபவர்.

அவளுடைய தொலைபேசி ஒலித்தது. வக்கீல்.

"எங்கம்மா இருக்க? கேஸைக் கூப்பிட்டுருவாங்க!"

"காப்பி இருக்காம் சார்! பத்தே நிமிஷம்!"

5

முடிவு ஒன்று: அவர் உண்மையைச் சொல்கிறார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு… (மேலே எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: பிரதி வேறொரு வட்டில் அகப்படுகிறது. (பொய்.)

நடந்தது:

"டிஸ்க்கு மழையில நனைஞ்சிருக்கும்மா. இனி காப்பி போட்டாலும் ஏறாது."

"பையில சுத்தித்தானே கொண்டுவந்தேன்… நான்தான் கெடுத்தேனா?"

அவர் வட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் வட்டை முந்தானையால் துடைத்தபடியே வெளியேறினாள். அதன் பின்னரே, தலை நிமிராமல், கோப்புறையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னார்.

வாசகரே, தெருமுனைவரை ஓடியிருந்தால் அவளைப் பிடித்து, கெடுத்தது அவளல்ல என்று சொல்லியிருக்கலாம். ஓடியவனாக என்னை எழுத மும்முறை முயன்றேன். 'நான் உடனே எழுந்து…' என்பதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஆனால் விரைந்து எழுதுங்கள். நீதிமன்றத்தில் அவளுடைய தம்பியின் பெயரை அழைத்தபோது மணி பதினொன்று ஏழு.