பத்துச் சொட்டும் கல்லறை மணியும்

என் வீட்டுக்காரருக்குக் கல்லடைப்பு வந்ததிலிருந்து எட்டு நாளாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு: "ரோசா, வலிக்குதுடி." உட்கார்ந்தாலும் அதுதான், புரண்டு படுத்தாலும் அதுதான். துரை வீட்டுக் குசினியில் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குகிற மனுஷன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பொய் சொல்வானேன், எரிச்சல்தான் கொஞ்சம் அதிகம்.

டாக்டர் அபின் கலந்த சொட்டு மருந்து கொடுத்தார். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. வேளைக்குப் பத்துச் சொட்டு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். எங்கள் வீட்டில் கடிகாரம் ஏது? கோயிலில் மூவேளை செபமணி அடிப்பது அந்த நேரத்துக்குத்தானே!

"கோயில் மணி அடிச்சா பத்து சொட்டு. அவ்ளோதான், புரிஞ்சுதா?" என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. ஒரு வாரம் தவறாமல் நடந்தது.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்தது. பகல் மணிக்குப் பத்துச் சொட்டை நானே தண்ணீரில் விட்டுக் கொடுத்தேன். குப்பியை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு உப்பளம் கல்லறைக்குப் போனேன். அம்மா குழிமேல் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றினேன். மழைக்காற்று அதை அணைத்துக்கொண்டே இருந்தது. இறந்தவர்களுக்காக அன்றைக்கு நாள் முழுக்கக் கோயில் மணி விட்டுவிட்டு அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். ஐந்தாவது தடவை கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

ஐயோ மாதாவே! வீட்டில் அவரும் இந்த மணியைக் கேட்டுக்கொண்டுதானே படுத்திருப்பார்?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். யார் மேல் மோதினேன், யார் திட்டினார்கள், ஒன்றும் தெரியாது. வீட்டில் அவர் முனகாமல் கிடந்தார். எட்டு நாளில் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை. நான் வைத்துவிட்டுப் போன மருந்தில் பாதி காலி. உலுக்கினேன். "ம்" என்றார், கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"மொய்னுதீன் பாய்! ஓடி வாங்க!"

பக்கத்து வீட்டில் புத்தகம் தைத்து ஒட்டுகிற பாய் பசைக் கையோடே வந்தார். "அழுவாத தங்கச்சி. குப்பிய எடுத்துக்க, டாக்டர் கேப்பாரு" என்றவர், தெருமுனையிலிருந்து புஷ்வண்டியைக் கூட்டிவந்தார். என் வீட்டுக்காரரைத் தூக்கி வைத்ததும், வண்டிக்காரனோடு சேர்ந்து பாயும் தள்ளினார். நான் வழியெல்லாம் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன். "தூங்கினீங்க, தொலச்சிடுவேன்! கண்ணத் தொறங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வெளியே நான் ஜெபமாலை உருட்டினேன். எந்த ஜெபமும் வாயில் நிற்கவில்லை. மணி அடித்தால் குடி என்று சொன்னது நான். அந்த ஒன்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மாலை செபமணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"பொழச்சிக்கிட்டான். மூச்சு சரியா வருது" என்றார் டாக்டர். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் விடவில்லை. "ராத்திரி இங்கயே இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம். இனிமே குப்பி உன் கையில இருக்கணும், அவன் தலைமாட்டுல இல்ல. வலி தாங்கலன்னா எனக்குச் சொல்லி அனுப்பு. நீங்களா ஒரு சொட்டும் கூட்டக்கூடாது. வீட்டுல கடிகாரம் இல்லேன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"தப்புதான் முசே" என்றேன். அவ்வளவு பணிவாக நான் யாரிடமும் பேசியது கிடையாது.

உள்ளே போனேன். வெளுத்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"மணி அடிக்க அடிக்க, இன்னிக்குச் சாமிக்கு எம்மேல எரக்கம் வந்துட்டுதுன்னு நெனச்சேன்" என்றார்.

ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அதற்குள் அவர் முகம் சுளித்தது, கை இடுப்புக்குப் போனது.

"ரோசா... வலிக்குதுடி."

எட்டு நாளாகக் காது புளித்துப்போன பேச்சு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.