மடித்த துணி

"அப்பா உள்ள வந்தா மட்டும் நீ ஏன்ம்மா மடிச்ச துணியையே மறுபடி மடிக்கிற?"

ஆறு வயது மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பென்சில் சீவப் போய்விட்டாள். தாய்க்குத்தான் கையிலிருந்த தலையணை உறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அது ஏற்கெனவே நான்காக மடிந்திருந்தது. கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் காதிலும் கேள்வி விழுந்திருக்கும். அவன் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனான்.

"போய் உன் வேலையப் பாரு" என்று மகளிடம் எரிந்து விழுந்தாள்.

வீட்டில் எரிந்து விழுவாள். கடையில் ஏளனம் செய்வாள். பெரிய மருந்துக்கடை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக மருந்தாளுநர் வேலை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதறி ஓடி வருபவர்களிடம் அவளைப்போல் தன்மையாகப் பேச ஆள் கிடையாது. ஆனால் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, பற்பசை டப்பாவை முன்னும் பின்னும் திருப்பிப் படிக்கிற ஆண்களைக் கண்டால் மட்டும் நாக்கில் விஷம் ஊறும். 'பற்பசை' என்று அவர்களுக்குப் பொதுப் பெயரே வைத்திருந்தாள்.

"வந்துடுச்சு பாரு ஒரு பற்பசை. இன்னும் அஞ்சு நிமிஷத்துல பக்கத்துல வந்து கிசுகிசுக்கும்" என்பாள் பொட்டலத்திடம். பொட்டலம் என்பது பார்சல் கட்டும் ஆளின் பட்டப்பெயர். குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் போல அவன் சிரிப்பான்.

அவர்கள் பெரும்பாலும் கேட்டது, சிங்கம் படம் போட்ட லேகிய டப்பா. மூன்றே வாரத்தில் முப்பது வயது குறையும் என்று அதன்மேல் எழுதியிருந்தது. டப்பாவிலிருந்த சிங்கத்துக்கே தூக்கம் வந்திருந்தது. உள்ளே வெல்லமும் சுக்கும் தவிர வேறொன்றும் இல்லையென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே எடுத்துக் கொடுப்பாள். ஏமாறுகிறவன் ஏமாறட்டும், நமக்கென்ன என்ற எண்ணம். ஒருவனைப் பார்த்துச் சிரித்தபடியே அவன் கையில் பொய்யைக் கொடுப்பது இரண்டு பாவம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் வந்தவர் லேகியம் கேட்கவில்லை. ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டினார். தோளில் தடவிக்கொள்ளும் ஹார்மோன் ஜெல், ஆறு மாதத்துக்கு.

"ஓ, இந்த ஜெல்லா?" என்றாள், கடைசி வரிசை வரை கேட்கும்படி. "ஏன் சார், வீட்டுல தகராறா?"

பொட்டலம் சிரித்தான். பால்பவுடர் வாங்க நின்றவரும் சிரித்தார். வந்தவரின் காது சிவந்தது. சீட்டைத் திரும்ப வாங்கக்கூட நிற்காமல் படியிறங்கிப் போனார். அவள் அந்தச் சீட்டைக் கம்பியில் குத்தி வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனித்தாள்.

வீட்டிலும் இதே கதைதான். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நாள் முழுதும் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டுக் கிரீஸ் வாசனையோடு வருவான். மூன்று வருடமாக அவன் கை தோளில் பட்டாலே அவளுக்கு எரிச்சல். ஆசை என்று ஒன்று தனக்கு இருந்ததே மறந்துபோயிருந்தது. அது போனதை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை. மற்றவர்களைவிட ஒரு படி மேலே ஏறிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஒரு முறை அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"என்னைப் புடிக்காமப் போச்சா உனக்கு?"

"நாய்க்குத்தான் எந்நேரமும் அதே நெனப்பு" என்றாள்.

அதன்பிறகு அவன் கேட்கவேயில்லை. மகள் கேள்வி கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைதான், வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்கும் படிவத்தைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான்.

"மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும். குடுத்துட்டா போயிடுவேன். உனக்கும் நிம்மதி. பாப்பாவப் பாக்க லீவுல வரேன்."

போகட்டுமே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த துண்டையே எடுத்து மறுபடி மடித்தாள்.

அந்த வாரம் கடைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். மன அழுத்தத்துக்கான மாத்திரை வாங்கியவள், டப்பாவுக்குள் இருந்த தாளை அங்கேயே விரித்தாள். "அக்கா, இதச் சாப்பிட்டா அந்த ஆசை குறையும்னு போட்டிருக்கே?"

"அதெல்லாம் எதுக்குப் படிக்கிறீங்க? ஒண்ணும் ஆகாது."

"இல்லக்கா, இங்க பாருங்க. நாலாவது வரி."

பார்த்தாள். பாடத்தில் படித்ததுதான், மற்றவர்களுக்கென்று படித்தது. அவள் கைப்பையிலும் அதே மாத்திரை இருந்தது. அம்மா இறந்த சமயத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டபோது ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றிருந்தார். எதற்குப் போக வேண்டும்? மருந்து அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தானே எடுத்தாள், தானே விழுங்கினாள், மூன்று வருடம். ஆயிரம் பேருக்கு அந்தத் தாளை மடித்துக் கொடுத்தவள், தன் டப்பாவிலிருந்ததை ஒரு நாளும் விரிக்கவில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் டோக்கன் கூப்பிடும் ஆளைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை. அதே மனிதர்.

அந்த மருத்துவமனையில் எண்ணோடு நோயையும் சேர்த்துக் கூவுவது வழக்கம். "பதினேழு, சர்க்கரை!" "பதினெட்டு, மூட்டுவலி!" அவள் எண் இருபத்தொன்று. சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'தாம்பத்தியம்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். வட்டியோடு திருப்பிக் கொடுக்க அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. எழுந்து ஓடிவிடலாமா என்று செருப்பை மாட்டினாள்.

"இருபது, காதடைப்பு!"

அடுத்த சீட்டை எடுத்தார். படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கூவவில்லை. இடத்தைவிட்டு எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, அவளருகே குனிந்தார்.

"வாங்கம்மா, டாக்டரம்மா உங்களத்தான் கேட்டாங்க. இந்தப் பக்கமா வந்தா கூட்டம் இருக்காது."

பக்கவாட்டு வழியில் நடக்கும்போது, "சார், அன்னைக்குக் கடையில..." என்று ஆரம்பித்தாள்.

"எந்தக் கடைம்மா? நான் இப்ப மருந்துக்கடைப் பக்கமே போறதில்லையே" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். மன்னிக்கத்தான் அப்படிச் சொன்னார். அவளுக்கு அதுதான் சவுக்கடியாக விழுந்தது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஆசை குறையறது குணக்கேடும் இல்ல, பெரிய தவமும் இல்ல. உடம்பு ஏதோ சொல்லுது, அவ்வளவுதான். இந்த மாத்திரை ஒரு காரணமா இருக்கலாம். திடீர்னு நிறுத்தக்கூடாது, நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். தைராய்டும் ரத்தமும் பாத்துடலாம். ஆனா பழி மொத்தத்தையும் மாத்திரை மேல போடாதீங்க. வீட்டு வேலையெல்லாம் யாரு? ரெண்டு பேரும் சேந்து கடைசியா எப்பச் சிரிச்சீங்க?"

"சிரிச்சிருக்கேன் டாக்டர். நிறைய. அடுத்தவங்களப் பாத்து."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"ஆம்பளைங்களுக்கும் இப்படி ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஏன் ஆகாது? சர்க்கரை, ஹார்மோன் குறைவு, தூக்கமில்லாதது, கவலை... காலையில ரத்தம் எடுத்துப் பாத்து, தேவைன்னா மருந்து குடுக்கலாம். ஆனா எங்க வராங்க? வந்தாலும் சீட்டோட போய் கடையில நிக்கக் கூச்சம். யாராவது ஒருத்தி சிரிச்சுட்டா போதும், மொத்தத்தையும் விட்டுடறாங்க."

அன்று மாலை கணவன் முன்னால் அந்தத் தாளை விரித்து வைத்தாள். லிஃப்டின் மின்கம்பி வரைபடத்தைப் பார்ப்பதுபோல விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"அப்ப என் மூஞ்சி காரணம் இல்லையா?"

"மூஞ்சியும்தான். மூணு நாளா சவரம் பண்ணல."

அவன் சிரித்துவிட்டான். அவளால்தான் சிரிக்க முடியவில்லை. "நாய்னு சொன்னேன் பாருங்க, அது மாத்திரை சொல்லல. நான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

அவன் கட்டிலில் குவிந்திருந்த துணியில் பாதியைத் தன் பக்கம் இழுத்து மடிக்க ஆரம்பித்தான். கோணல் மாணலாக மடித்தான். அவள் அதைப் பிரித்து மறுபடி மடிக்கவில்லை.

ஆசை மறுநாளே வாசலில் மணியடித்து வந்து நின்றுவிடவில்லை. மாதக்கணக்காகும் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். ஆனால் மாசக் கடைசி வந்தது, போனது. படிவம் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. அதன் பின்பக்கத்தில் மகள் ஒரு லிஃப்ட் வரைந்து, உள்ளே மூன்று பேரை நிறுத்தியிருந்தாள்.

கடையில் பற்பசை என்ற பெயரை அவள் விட்டாள். பொட்டலம் ஒரு தடவை பழக்கதோஷத்தில் ஆரம்பித்தபோது, "வாய மூடிட்டு டேப்ப ஒட்டு" என்றாள். சிங்கத்தைக் கேட்டு வந்தவர்களை ஓரமாக அழைத்து, இது வேண்டாம், டாக்டரைப் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

ஒரு மதியம் கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினாள். அடியில் இருந்தது அந்த ஜெல் சீட்டு. எழுதி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஆறு மாதத்தில் நான்கு மாதம் இன்னும் பாக்கி. நடுவில் விழுந்திருந்த ஓட்டையைப் பின்பக்கம் டேப் ஒட்டி அடைத்தாள். ஜெல்லை எடுத்து, அதற்கான பணத்தைத் தானே கல்லாவில் போட்டுவிட்டு, ஒரு சிறு தாளில் எழுதினாள்: காலையில் குளித்த பிறகு தோளில் தடவவும். காயும்வரை சட்டை போட வேண்டாம். தடவிய இடம் வீட்டில் மற்றவர்கள் மேல் படக்கூடாது. கையை நன்றாகக் கழுவவும். தடவத் தொடங்குவதை உங்கள் டாக்டரிடம் சொல்லி, ரத்தம் பார்க்கும் நாளைக் கேட்டுக்கொள்ளவும். கடைசியில் ஒரு வரி: மாதாமாதம் கடையின் பின்வாசலில் உங்கள் பொட்டலம் தயாராக இருக்கும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

சீட்டையும் அதையும் சேர்த்துப் பழுப்புக் காகிதத்தில் கட்டினாள். மேலே எதுவும் எழுதவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனைக் கூடம் காலியாக இருந்தது. டோக்கன் கூப்பிடுபவரின் நாற்காலி முதுகில் அவருடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து, டோக்கன் கட்டுக்கு அடியில் பொட்டலத்தை வைத்தாள். சத்தம் வராமல் மூடினாள்.