விருந்தாளியை முறைப்படி அணைத்தல்

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. என் மச்சினன் எனக்குத் தரவேண்டிய தொகை அது. வாலாக ஒரு நானூற்று ஐம்பது ஏன் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்குப் பதினெட்டாயிரம், அதைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டிக்கு நானூற்று ஐம்பது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். அந்தப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே வந்திருப்பேன். "ஐயோ அத்தான், அது குலுங்கக் கூடாது" என்றான். என் கழுத்து குலுங்கலாம், அது வேற சாமான்.

அவன் என் மனைவியின் தம்பி. வேலை தேடி, "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவன். மழை போய், வெயில் போய், மறுபடியும் மழை வந்துவிட்டது. முன்னறை அவனுடையதாகிவிட்டது. நானும் அவளும் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டோம்.

பெட்டிக்குள் ராத்திரி பகலாக என்னதான் உறுமுகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள மூணு கம்ப்யூட்டர் ஓடுது, அத்தான்."

"நான் ஒண்ணுக்குத்தானடா காசு குடுத்தேன்?"

"இதெல்லாம் கையால தொடமுடியாத கம்ப்யூட்டர். வெளிய இருக்கிற பெட்டி வீட்டுக்காரர்னு வச்சுக்கங்க. உள்ள இருக்கிற மூணும் விருந்தாளிங்க. வீட்டுக்காரரோட கரண்டு, வீட்டுக்காரரோட இடம், எல்லாத்தையும் எடுத்துக்கும். ஆனா ஒவ்வொண்ணும் தான் ஏதோ சொந்த வீட்டுல இருக்கிறதா நெனச்சுக்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சட்டென்று, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவ ஆரம்பித்தாள்.

மூன்றில் ஒன்று அவன் கற்றுக்கொள்வதற்காம். இன்னொன்று எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு லாரி ஆபீசின் பழைய கணக்குப் புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று, அதற்காகவே உள்ளே ஒரு பழசைக் குடிவைத்திருந்தான். ஒரு வருடக் கணக்கையும் அதில் ஏற்றிக் கொடுத்தால் மொத்தமாகக் கூலி வரும். வந்ததும் முதல் வேலையாக என் கடன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அக்கா தலையை அதற்கு முன்பும் பல காரியங்களுக்கு உபயோகித்திருக்கிறான்.

மூன்றையும் அவன் அணைப்பதே இல்லை. "ஓடட்டும் அத்தான், வேணுங்கிறப்ப பாத்துக்கலாம்" என்பான். கடனைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

கணக்கைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள். சாயங்காலம் வேலை விட்டு வந்தால், வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணி. மேலே கரண்டு ஆள். கம்பி மாற்ற வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவாராம். மச்சினன் கடைசி ரசீதுகளை வாங்க லாரி ஆபீசுக்குப் போயிருந்தான். மனைவி அவனைப் போனில் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"அத்தான், கரண்டு போறதுக்குள்ள விருந்தாளிங்கள மொதல்ல அனுப்பிடணும். அப்புறந்தான் வீட்டுக்காரர அணைக்கணும். மாத்திப் பண்ணா உள்ள இருக்கிற கணக்கு செதஞ்சு போயிடும்."

"பேசாம பிளக்கப் புடுங்கிடட்டா?"

"அத்தான்! உங்க பதினெட்டாயிரம் அதுக்குள்ளதான் இருக்கு."

"நானூத்தம்பத விட்டுட்டியே?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். காசு கொடுத்தவனுக்குப் புரியாத பாஷை எதற்கு என்று நான் சண்டை போட்டதில் திரையெல்லாம் தமிழுக்கு மாறியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் காது சூடாகிவிட்டது.

"என்னடா இது? 'விருந்தினரை முறைப்படி அணை'ன்னு போட்டிருக்கு. குடும்பம் நடத்துற வீடுடா!"

"கட்டிப்புடிக்கிற அணை இல்ல அத்தான்! வெளக்க அணைக்கிற அணை!"

"உன்னையே நான் ஒருநாளும் அணைச்சதில்ல, இதுங்கள போய்..."

"அமுக்குங்க அத்தான், கால்ல விழறேன்!"

அமுக்கினேன். முதல் விருந்தாளி மூச்சுக் காட்டாமல் போனது. எதற்கென்று தெரியாத இரண்டாவதும் அப்படியே. வேலை இல்லாதது தானாகக் கிளம்பிப்போகிற ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

மூன்றாவது விருந்தாளி ஒரு கேள்வி கேட்டது. 'சேமிக்காதவை உள்ளன. சேமிக்கவா?' இந்த வீட்டில் என்னைத் தவிர சேமிப்பைப் பற்றிப் பேசிய இன்னொரு ஜீவன். 'ஆம்' என்று அமுக்கினேன். 'அணைகிறது. காத்திருக்கவும்' என்று எழுதிவிட்டு, சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. சுற்றின. செருப்பைப் போட்டுக்கொண்டு "அப்ப வரட்டுமா" என்று சொல்லிவிட்டு, படியில் நின்றபடி புதுக்கதை ஆரம்பிப்பவர்களைப் போல.

"வெட்டிடட்டுமாம்மா?" கம்பத்திலிருந்து குரல்.

"கொஞ்சம் இருங்கண்ணே! வீட்டுல விருந்தாளி கெளம்பிட்டிருக்காங்க!" என்றாள் என் மனைவி.

"விருந்தாளி கெளம்பறதுக்குக் கரண்டு எதுக்கும்மா?"

"அவங்க கரண்டுலதாண்ணே உயிர் வாழறாங்க!"

"எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் இருக்காரு" என்று பெருமூச்சு விட்டவர், ஏணியிலேயே சாய்ந்துகொண்டார்.

புள்ளிகளுக்குக் கீழே சிவப்பாக ஒரு கட்டம்: 'மின்சாரத்தைத் துண்டி.' என் விரல் தானாக அங்கே போனது. இத்தனை நாள் எரிச்சலுக்கும் ஒரே அமுக்கு.

"அத்தான், அந்தச் செவப்ப மட்டும் தொட்டுடாதீங்க" என்றது போன்.

யோசித்தேன். துண்டித்தால் கணக்கு போகும். கணக்கு போனால் கூலி போகும். கூலி போனால் இவன் போகமாட்டான். விரலை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன். பொறுமை என்று ஊரில் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான்.

திரை கறுத்தது. மூன்றாவதும் போய்விட்டது. பிறகு வீட்டுக்காரரை அணைத்தேன். உறுமல் நின்றது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இப்ப வெட்டுங்கண்ணே!" என்றாள் மனைவி. வெட்டினார்.

கணக்கு சேதமில்லாமல் லாரி ஆபீசுக்குப் போனது. அந்த வாரமே மச்சினன் பதினெட்டாயிரத்தைக் கொண்டுவந்து என் கையில் எண்ணி வைத்தான். வேலையும் அங்கேயே கொடுத்துவிட்டார்களாம். மாடியில் ஓர் அறையும். துணிமணி ஒரு பை, கம்ப்யூட்டர் ஒரு பெட்டி. வாசலில் வண்டி நின்றது.

"அந்த நானூத்தம்பது, அத்தான்... வண்டிக்குன்னு வச்சிருக்கேன். பொட்டி குலுங்கக் கூடாதில்ல? அடுத்த வாரம் நானே வந்து, ரெண்டு நாள் தங்கி..."

படியில் நின்றுகொண்டே சொன்னான். பிறகு அந்த மாடி அறையின் சன்னலைப் பற்றி ஆரம்பித்தான். அப்புறம் அங்கே தண்ணீர் வருகிற நேரம். அவன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

இறங்கிப்போய் அவனைக் கட்டி அணைத்தேன். முறைப்படி.

"அப்ப அந்த நானூத்தம்பது?" என்றான் என் தோளுக்குள்ளிருந்து.

"அதத் துண்டிச்சாச்சு. வண்டில ஏறு."